கூட்டத்துக்குக் கண்கட்டு, நமக்கு நிஜம்: காமிக்ஸின் மேடை மந்திரவாதிகள்

காமிக்ஸில் ஒரு தனி ரக ஹீரோ உண்டு. உயரமான கறுப்புத் தொப்பி, பின்பக்கம் வால் போல நீளும் கோட்டு, வெள்ளைக் கையுறை, கையில் ஒரு சின்னக் கோல். டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்கு முன்னால் மேஜிக் ஷோ நடத்துவதுதான் தொழில். முயல் வருகிறது, ஆள் மிதக்கிறார், பெட்டிக்குள் போன பெண் காணாமல் போகிறாள். பார்ப்பவர்கள் "எப்படித்தான் செய்கிறாரோ!" என்று கை தட்டுகிறார்கள். ஆனால் இந்த ரகத்தில் ரகசியக் கதவோ கம்பியோ கண்ணாடியோ எதுவும் கிடையாது, அவர் செய்வது நிஜமாகவே மந்திரம். அது கூட்டத்துக்குத் தெரியாது, படிக்கிற நமக்குத் தெரியும்.

இவ்வளவுதான் அடிப்படை. மாண்ட்ரேக், ஸாட்டாரா, சார்கன், ஸாட்டானா எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் இந்தக் குடும்பம்தான். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் மாதிரியான ஆட்களை இதில் சேர்க்க முடியாது. 1963இல் வந்த அவரும் மந்திரவாதிதான், ஆனால் அவருக்கு மேடை இல்லை, டிக்கெட் இல்லை, கை தட்டும் கூட்டம் இல்லை. அந்தக் கூட்டம் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதனால் இந்த ரகத்தைப் புரிந்துகொள்ள, மந்திரத்தை விட்டுவிட்டு முதலில் மேடையைப் பார்க்க வேண்டும்.

ஒரு கேள்வி எழலாம். மேடை மேஜிக்காரரை ஹீரோவாக்க வேண்டும் என்றால் கெட்டிக்காரத் தந்திரசாலியாகவே வைத்துக்கொள்ளலாமே, எதற்கு நிஜ மந்திரம்? காகிதத்தில் தந்திரம் எடுபடாது, அதுதான் காரணம். நேரில் ஒருவர் உங்கள் கண் முன்னால் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை மறைய வைத்தால் மூச்சே நின்றுவிடுகிறது, ஏனென்றால் அது நடக்க முடியாத ஒன்று என்று உங்களுக்குத் தெரியும். அதையே படத்தில் வரைந்தால்? ஒரு கட்டத்தில் சீட்டு இருக்கிறது, அடுத்த கட்டத்தில் இல்லை. ஓவியர் வரையவில்லை, அவ்வளவுதானே. வரைபவரால் யானையையும் மறைக்க முடியும், ஊரையே மறைக்க முடியும். எல்லாமே சாத்தியமான இடத்தில் "எப்படிச் செய்தார்" என்ற கேள்விக்கு உயிர் இல்லை. ஆகவே காமிக்ஸ் அந்தக் கேள்வியைக் கதைக்குள் இருக்கும் கூட்டத்திடம் கொடுத்துவிட்டு, நமக்கு வேறொன்றைத் தந்தது: ரகசியத்தில் பங்கு. அரங்கில் ஆயிரம் பேர் ஏமாறுகிறார்கள், அவர் என்ன செய்கிறார் என்பது அவருக்கும் நமக்கும் மட்டும் தெரியும். இந்தச் சுகம்தான் இந்த ரகத்தின் ஆதாரம் என்பது என் முடிவு.

இது காமிக்ஸ்காரர்களின் கற்பனையில் மட்டும் முளைத்ததும் அல்ல. அவர்களுக்கு முன்னாலேயே நிஜ மேடை மேஜிக்காரர்கள் இந்த எல்லைக்கோட்டில் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸின் ராபர்ட் ஹூடான், அங்கியும் கூம்புத் தொப்பியுமாக வரும் மந்திரவாதித் தோற்றத்தை ஒதுக்கிவிட்டு, மாலை விருந்துக்குப் போகும் கனவானைப் போல உடுத்திக்கொண்டு மேடை ஏறியதில் பெயர் பெற்றவர். நாம் இன்று மேஜிக்காரர் என்றதும் நினைக்கும் உடைக்கு அவர் பெரிய காரணம். அவரையே 1856இல் பிரெஞ்சு அரசு அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடம் செல்வாக்கோடு இருந்த சமயத் தலைவர்களைவிட பிரெஞ்சுக்காரர்களின் மந்திரம் பெரியது என்று காட்டுவதுதான் திட்டம். அவர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பலசாலி ஒருவரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வார், தூக்கிவிடுவார். அப்புறம் "உன் பலத்தை எடுத்துவிட்டேன், இப்போது தூக்கு" என்பார், பெட்டி அசையாது. மேடைக்கு அடியில் மின்காந்தம், பெட்டியின் அடியில் இரும்பு. வெறும் கண்கட்டு வித்தையை நிஜ மந்திரமாக, அதுவும் ஆட்சிக்காக, நடிக்க வைத்த கதை இது. காமிக்ஸ் ஹீரோ செய்வது இதற்கு நேர் எதிர், நிஜ மந்திரத்தைக் கண்கட்டாக நடிப்பது.

அமெரிக்க மேஜிக்காரர் ஹாரி கெல்லரின் சுவரொட்டிகளையும் பார்க்க வேண்டும். கோட்டு சூட்டோடு அமைதியாக நிற்கும் மனிதர், அவர் காதருகே சின்னச் சிவப்புக் குட்டிச்சாத்தான்கள் ரகசியம் சொல்லிக்கொண்டிருக்கும். அவருக்குப் பின் வந்த தர்ஸ்டனும் இந்தப் பாணியைத் தொடர்ந்தார். சாத்தான் சொல்லிக்கொடுத்துத்தான் செய்கிறார் என்று யாரும் நம்பவில்லை, ஆனால் நம்ப ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையைச் சுவரொட்டி தூண்டியது, பின்னாளில் காமிக்ஸ் நிறைவேற்றியது.

இதில் உச்சம் ஹூடினியின் கதை. விலங்குகளிலிருந்தும் பூட்டிய பெட்டிகளிலிருந்தும் தப்பித்துக் காட்டி உலகப் புகழ் பெற்றவர், 1920களில் ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிப் பணம் பறித்தவர்களைத் தேடித்தேடி அம்பலப்படுத்தியவர். நான் செய்வதெல்லாம் தந்திரம், உடற்பயிற்சி, பயிற்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய நண்பராக இருந்து பின்னர் அவரோடு முரண்பட்டவர் ஆர்தர் கோனன் டாயில், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த அதே டாயில். அவர் கடைசிவரை நம்பவில்லை! ஹூடினிக்கு நிஜமான அபூர்வ சக்தி இருக்கிறது, அதை மறைக்கத்தான் தந்திரம் என்கிறார் என்று உறுதியாக எண்ணினார். 1926இல் ஹூடினி இறந்த பிறகும் 1930இல் வந்த தன் புத்தகத்தில் அதையே வாதாடினார். ஹூடினியைப் பொறுத்தவரை டாயில் நினைத்தது தவறு, ஆனால் காமிக்ஸில் பின்னால் வரப்போகும் ஒரு பெரிய வரிசைக்கே கதைச்சுருக்கத்தை அவர் எழுதிவிட்டார் என்று சொல்லலாம்: மேடையில் நிற்கும் மனிதருக்கு நிஜ சக்தி உண்டு, தந்திரம் என்ற பேச்சுதான் வேஷம்.

சரி, ஹீரோக்களுக்கு வருவோம். முதலில் நிற்பவர் மாண்ட்ரேக். லீ ஃபாக் எழுத, ஃபில் டேவிஸ் வரைய, 1934 ஜூன் 11 அன்று அமெரிக்கச் செய்தித்தாள்களில் தினசரிப் படக்கதையாக வெளிவரத் தொடங்கியவர். சூப்பர்மேனுக்கு நான்கு வருடம் மூத்தவர், அதே லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய ஃபேண்டமுக்கும் அண்ணன். தொடக்க காலக் கதைகளில் அவரிடம் இருந்தது நிஜ மந்திரம். போகப்போக லீ ஃபாக் அதைக் குறைத்து ஹிப்னாடிசமாக மாற்றிக்கொண்டார். கை ஒரு அசைவு அசையும், எதிரில் இருப்பவர் கண்ணுக்கு இல்லாதது தெரியும்.

இது படத்தில் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு ரவுடி துப்பாக்கியை நீட்டுகிறான். மாண்ட்ரேக்கின் விரல்கள் விரிகின்றன, மேலே ஒரு சின்னக் குறிப்பு அவர் வசிய சைகை செய்கிறார் என்று சொல்கிறது. அடுத்த கட்டத்தில் ரவுடியின் கையில் பாம்பு நெளிகிறது. அலறிக்கொண்டு அதைத் தூக்கி எறிகிறான். அதற்கடுத்த கட்டத்தில் தரையில் கிடப்பது பழைய துப்பாக்கியேதான். நடுக்கட்டத்தை யார் கண்ணால் பார்த்தோம்? ரவுடியின் கண்ணால். அதுவரை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த நாம், ஒரே ஒரு கட்டத்துக்கு ஏமாறுபவனின் தலைக்குள் போய்விட்டு வெளியே வந்திருக்கிறோம். கட்டம் கட்டமாக நகரும் படக்கதையால்தான் இதை இவ்வளவு சுளுவாகச் செய்ய முடியும். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கும் அந்த வெள்ளை இடைவெளிதான் மேஜிக்காரர் விரிக்கும் பட்டுத்துணி, மாற்றம் எல்லாம் அதற்குப் பின்னால் நடந்துவிடுகிறது.

மாண்ட்ரேக்கைப் பற்றிப் பேசும்போது லோதாரைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆப்பிரிக்க அரச குலத்தைச் சேர்ந்தவர், பெரும் பலசாலி, மாண்ட்ரேக்கின் தோழர். ஆனால் ஆரம்பக் கதைகளில் அவரைச் சிறுத்தைத் தோலோடு, உடைந்த ஆங்கிலம் பேசும் வேலையாள் போலக் காட்டினார்கள். அந்தக் கால அமெரிக்காவின் இனப்பார்வை அப்பட்டமாகத் தெரியும், இன்று படிக்கும்போது உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். ஃபில் டேவிஸ் இறந்தபின் 1965இலிருந்து ஃப்ரெட் ஃபிரெடரிக்ஸ் வரையத் தொடங்கிய காலத்தில் லோதாரின் உடை, பேச்சு, மரியாதை எல்லாம் மாறி இணையான நண்பராக நின்றார். பழைய கதைகளை எடுத்துப் படிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

மாண்ட்ரேக் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, 1930களின் கடைசியில் காமிக்ஸ் புத்தகங்கள் தலையெடுத்தபோது ஆளாளுக்கு ஒரு தொப்பிக்கார மந்திரவாதியைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானவர்களை இன்று யாருக்கும் நினைவில்லை. இருவர் முக்கியம்.

ஒருவர் ஸாட்டாரா. ஃப்ரெட் கார்டினியர் உருவாக்கியது. இவர் அறிமுகமானது ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 1938. ஆமாம், சூப்பர்மேன் முதன்முதலாக வந்த அதே இதழ்தான்! அட்டையில் காரைத் தூக்கிக்கொண்டு நின்றவர் உலகத்தைப் பிடித்துவிட்டார், உள்ளே இருந்த தொப்பிக்காரர் அவ்வளவு பேசப்படவில்லை. ஆனால் ஸாட்டாரா கொண்டுவந்த ஒரு விதி இன்றுவரை நிற்கிறது: அவர் மந்திரத்தை வார்த்தைகளைத் திருப்பிப்போட்டுச் சொல்லுவார். "ஸ்டாப்" என்று ஆணையிட வேண்டுமென்றால் அதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்து "பாட்ஸ்" என்பார், எதிரே வருவது நின்றுவிடும். தமிழில் இதைச் செய்துபார்த்தால் "மறைந்துபோ" என்பதற்கு "போதுந்றைம" என்று சொல்ல வேண்டியிருக்கும். படிக்கிறவர் பேச்சுப் பலூனில் புரியாத ஏதோ ஒன்றைப் பார்த்து ஒரு கணம் தடுமாறி, பின்னாலிருந்து எழுத்துக்கூட்டி, "அட, இதுவா!" என்று கண்டுபிடிக்கிறார். கதைக்குள் இருப்பவர்களுக்கு அது வெறும் மந்திர உளறல், நமக்கு மட்டும் சாவி கிடைத்துவிட்டது. ரகசியத்தில் பங்கு என்று முன்பு சொன்னேனே, அதை இவ்வளவு மலிவாக, இவ்வளவு அழகாகச் செய்த உத்தி வேறு இல்லை.

இன்னொருவர் சார்கன். 1941இல் வந்தார், அசல் பெயர் ஜான் சார்ஜென்ட். அவரிடம் ஒரு மாய ரத்தினக் கல் இருக்கிறது, அதன் சக்தியால் தான் தொட்ட பொருளை இஷ்டப்படி ஆட்டிவைப்பார். தனக்கு நிஜ சக்தி இருப்பது தெரியக்கூடாது என்பதற்காகவே இவர் மேடை மேஜிக்காரராக வேஷம் போடுகிறார். தெருவில் யாராவது பார்த்துவிட்டாலும் "அவர் மேஜிக்காரர்தானே, ஏதோ தந்திரம்" என்று போய்விடுவார்கள். இந்த ரகத்தின் கருவை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் சார்கனைத்தான் காட்டுவேன்.

சூப்பர்மேனோடு ஒப்பிட்டால் இதன் அழகு புரியும். சூப்பர்மேன் ஒளிந்துகொள்ள கிளார்க் கென்ட் ஆகிறார்: கண்ணாடி, கூச்சம், கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துபோவது. பேட்மேனுக்கு முகமூடி. மேடை மந்திரவாதிக்கு இரண்டும் வேண்டாம். தன் சொந்த முகத்தோடு, சொந்தப் பெயரைச் சுவரொட்டியில் பெரிதாகப் போட்டுக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தின் நடுவில் நின்று, எல்லார் முன்னாலும் தன் சக்தியைப் பயன்படுத்துகிறார். யாரும் நம்பமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

அடுத்தது ஸாட்டானா. ஸாட்டாராவின் மகள். இன்று இந்த ரகத்தின் முகம் என்றால் இவர்தான், அப்பாவைவிடப் பல மடங்கு புகழ் பெற்றுவிட்டார். கார்ட்னர் ஃபாக்ஸ் எழுத்தில், மர்ஃபி ஆண்டர்சன் ஓவியத்தில் 1964இல் ஹாக்மேன் நான்காவது இதழில் அறிமுகம். அப்பாவின் தொப்பியும் வால் கோட்டும், கீழே மேஜிக்காரரின் உதவிப்பெண் அணியும் வலைக் காலுறை. அதாவது பெட்டிக்குள் படுக்க வைக்கப்படும் பெண்ணும், கோலைச் சுழற்றும் ஆளும் இவரிடம் ஒரே உடம்பில் வந்துவிட்டார்கள்.

அந்த முதல் கதையே இதைச் சொல்லிவிடுகிறது. பெண்ணைப் பெட்டியில் வைத்து இரண்டாக அறுக்கும் வித்தையை லண்டனில் 1921இல் பி. டி. செல்பிட் மேடையேற்றியதிலிருந்து அது மேஜிக் ஷோவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஸாட்டானாவின் முதல் கதையில் அவர் நிஜமாகவே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார். காணாமல்போன அப்பாவைத் தேடப் போய், ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் தேட வேண்டி, தன்னைத்தானே பிரித்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார். இன்னொருவர் கையால் பொய்யாக அறுக்கப்படும் பெண்ணை, தன் காரியத்துக்காகத் தானே நிஜமாகப் பிரிந்துகொள்ளும் பெண்ணாக மாற்றியதை நான் ரொம்பவே மதிக்கிறேன். அப்பாவைத் தேடும் இந்தக் கதை ஒரே புத்தகத்தில் முடியவில்லை. ஆட்டம், கிரீன் லான்டர்ன், எலாங்கேட்டட் மேன் என்று வேறு வேறு ஹீரோக்களின் இதழ்களில் தொடர்ந்து, 1967இல் ஜஸ்டிஸ் லீக் என்ற ஹீரோக்கள் குழுவின் இதழில் போய் முடிந்தது. அதற்கும் பல வருடம் கழித்து, 1978இல், அவர் ஜஸ்டிஸ் லீகிலேயே சேர்ந்தார்.

இனி இந்த ரகத்தின் பெரிய சிக்கல். நினைத்ததைத் திருப்பிச் சொன்னால் நடந்துவிடும் என்றால் எந்தக் கதையும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுமே? "தூங்கு" என்று திருப்பிச் சொன்னால் வில்லன் படுத்துவிடப் போகிறான். ஆகவே மந்திரத்துக்கு எங்காவது ஒரு பூட்டு போட்டே ஆக வேண்டும். சார்கன் பொருளைத் தொட்டாக வேண்டும். ஹிப்னாடிசம் என்பதால் மாண்ட்ரேக்குக்கு எதிரில் ஒரு மனது இருந்தாக வேண்டும், இயந்திரத்தை ஏமாற்ற முடியாது. ஸாட்டானா வாய் திறந்து பேசியாக வேண்டும், அதனால்தான் வில்லன்கள் முதலில் அவர் வாயைக் கட்டப் பார்ப்பார்கள். நல்ல கதை எழுதுபவர்கள் சக்தியைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இந்தப் பூட்டைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். பூட்டு சரியாக இல்லாத மந்திரவாதிக் கதை படிக்கச் சப்பென்று இருக்கும்.

இன்னொரு வகைப் பூட்டும் உண்டு: முடியும், ஆனால் செய்யலாமா என்பது. பிராட் மெல்ட்ஸர் எழுதி 2004இல் வந்த ஐடென்டிட்டி க்ரைசிஸ் கதையில், கொடூரமான ஒரு குற்றம் செய்த டாக்டர் லைட் என்ற வில்லனின் நினைவை அழித்து, குணத்தையே மாற்றும்படி சக ஹீரோக்கள் சிலர் முடிவெடுக்க, ஸாட்டானா அதைச் செய்கிறார். இதைப் பார்த்துவிட்டுத் தடுக்க வந்த பேட்மேனின் நினைவையும் அழித்துவிடுகிறார்கள். கூட்டத்தை மகிழ்விக்க அவர்கள் சம்மதத்தோடு ஏமாற்றுவது மேடை மேஜிக், ஒருவர் தலைக்குள் அவருக்கே தெரியாமல் கை வைப்பது அதற்கு நேர் எதிரானது. மேடையில் நிற்கும்வரை இனிப்பாக இருந்த அதே சக்தி, மேடையை விட்டு இறங்கியதும் எவ்வளவு பயங்கரமானது என்று அந்தக் கதை காட்டுகிறது. அதில் எனக்குப் பிடிக்காத விஷயங்கள் நிறைய உண்டு, அந்தக் குற்றத்தைக் கையாண்ட விதம் முக்கியமாக. ஆனால் இந்த ஒரு கேள்வியை எழுப்பியது சரி.

1986இல் ஆலன் மூர் எழுதிய ஸ்வாம்ப் திங் ஐம்பதாவது இதழில், ஜான் கான்ஸ்டன்டைன் என்ற மாந்திரீகர், ஒரு தீய சக்தியை எதிர்க்க, பழைய மந்திரவாதிகளை ஒரு மேஜையைச் சுற்றிக் கைகோத்து உட்கார வைக்கிறார். அதே ஆவி அழைப்பு மேஜைதான், ஹூடினி 1920களில் பொய் என்று நிரூபித்துக்கொண்டிருந்தது. இங்கே அது நிஜம். அந்தத் தீய சக்தியின் கோபம் மேஜையில் இருப்பவர்களை ஒவ்வொருவராகத் தொடுகிறது. சார்கன் தீப்பிடித்து எரிகிறார். அடுத்து ஸாட்டானாவின் பக்கம் வரும் வெப்பத்தை ஸாட்டாரா தன்மேல் வாங்கிக்கொண்டு, மகளைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறார். கைதட்ட யாருமில்லை. அரை நூற்றாண்டாக லேசான பொழுதுபோக்காக இருந்த இரண்டு தொப்பிக்காரர்களுக்கு அவ்வளவு கனமான முடிவைக் கொடுத்தது எனக்கு இன்றைக்கும் மனதை அழுத்தும் பக்கங்கள்.

மந்திரத்தை எடுத்துவிட்டால் இந்தப் பாத்திரம் நிற்குமா? அதையும் செய்துபார்த்திருக்கிறார்கள். பேட்மேன் அனிமேஷன் தொடரில் 1993இல் வந்த ஒரு பகுதியில் ஸாட்டானாவுக்கு மந்திரசக்தியே கிடையாது, வெறும் திறமையான மேடைக் கலைஞர். இளம் புரூஸ் வெய்ன் ஒரு காலத்தில் ஸாட்டாராவிடம் தப்பிக்கும் வித்தை கற்றவர் என்பதால் இருவருக்கும் பழைய பழக்கம். நாணயச்சாலையில் குவித்த பணத்தை மறையச் செய்யும் வித்தையை ஸாட்டானா செய்துகாட்ட, பணம் நிஜமாகவே களவு போய்விடுகிறது, பழி அவர்மேல் விழுகிறது. நன்றாகவே இருக்கும், ஆனால் அது துப்பறியும் கதையாகிவிட்டது, ரகசியத்தில் நமக்குப் பங்கு இல்லை. எழுதியவர் பால் டீனி. இதே டீனிதான் 2010இல் ஸாட்டானாவுக்கென்று வந்த தனித் தொடரையும் எழுதினார், அதில் மந்திரம் முழுசாகத் திரும்பி வந்தது.

புதிதாகப் படிக்க வருபவர்கள் அந்த 2010 தொடரிலிருந்தே ஆரம்பிக்கலாம், முன்கதை தெரிய வேண்டியதில்லை. இரவு ஷோ, ஷோ முடிந்ததும் மந்திரம் சம்பந்தப்பட்ட குற்றங்கள் என்று இரண்டு வாழ்க்கையும் மாறி மாறி வரும். பிடித்திருந்தால் பின்னால் போய் அறுபதுகளின் தேடல் கதை, அதற்கும் பின்னால் போய் மாண்ட்ரேக்கின் முப்பதுகளின் தினசரிப் பட்டைகள். தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு மாண்ட்ரேக் ஏற்கெனவே பழக்கம் என்பதால் அங்கிருந்து தொடங்கினாலும் தவறில்லை. படிக்கும்போது ஷோ காட்சி வந்தால் மந்திரவாதியை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாமல், பின்னணியில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முகங்களையும் ஒருமுறை பாருங்கள், நல்ல ஓவியர்கள் அங்கேதான் பாதி வேலையைச் செய்து வைத்திருப்பார்கள்.